பனிக்காலத்து ரஸ்தா

தமிழில் "பனி" என்னும் ஒரு சின்னஞ்சிறு சொல்லுக்கு நாம் கொடுத்திருக்கும் வேலை கொஞ்சநஞ்சமல்ல. விடியற்காலையில் புல் நுனியில் முத்து முத்தாய் நிற்கிறதே, அதுவும் பனி. வயலையும் வரப்பையும் எதிரே வரும் மனிதரையும் ஒருசேர மறைத்துவிடும் வெண்புகையும் பனி. நீலகிரியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடுவதும் பனி. இமயமலையின் சிகரத்தில் உறைந்து கிடப்பதும் அதே பனிதான். டொரான்டோ நகரத்திலிருந்து மருமகன், "மாமா! இங்கே முழங்கால் ஆழம் பனி. காரை வெளியே எடுக்க முடியவில்லை" என்று டெலிபோனில் சொன்னால், சேத்தியாத்தோப்பிலுள்ள மாமனார், "இங்கேயும் அப்படித்தான், மாப்பிள்ளை! மூன்று நாளாய் எட்டு மணி வரையில் ரோடு கண்ணுக்குத் தெரியவில்லை" என்று பதில் சொல்வார். இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசிவிட்ட திருப்தியுடன் டெலிபோனை வைத்துவிடுவார்கள்.

தினசரிப் பத்திரிகைகளும் இந்தக் குழப்பத்துக்குத் தங்களாலான உதவியைச் செய்துவருகின்றன. ஒவ்வொரு மார்கழியிலும் "கடும் பனிப்பொழிவு" என்று தலைப்புப் போடுகிறார்கள். பொழிவது எங்கே? காஷ்மீரத்திலும் கானடாவிலும் பனி பொழிகிறது. நம் ஊரில் அது தரையிலிருந்து எழும்பிக் கவிகிறது. இதைச் சொல்லுவது பாஷைச் சுத்தம் பேசுவதற்காக அன்று. பொழியும் பனியில் வண்டி ஓட்டுகிறவனுக்குச் சக்கரத்தின் கீழே ஆபத்து. கவியும் பனியில் ஓட்டுகிறவனுக்குக் கண் முன்னே ஆபத்து. நோய் வேறாயிருக்கும்போது மருந்தும் வேறாகத்தானே இருக்க வேண்டும்?

முதலில் நம் வீட்டுப் பனியைக் கவனிப்போம்.

கடலூர் ஜில்லாவின் படத்தை எடுத்துப் பார்த்தால், சேத்தியாத்தோப்பு மூடுபனிக்கென்றே தேர்ந்தெடுத்த இடம் போல் அமைந்திருப்பது தெரியவரும். ஒரு பக்கம் வெள்ளாறும் அதன் அணைக்கட்டும். மறு பக்கம் முதலாம் பராந்தக சோழன் காலத்திலே (907–955) தோன்றி, இன்றைக்கும் வயலுக்குப் பாய்ந்து, 2004ஆம் ஆண்டு முதல் சென்னைப் பட்டணத்துக்குக் குடிநீரும் அனுப்பிவரும் வீராணம் ஏரி. நிரம்பி நின்றால் 1,465 மில்லியன் கன அடித் தண்ணீர். இவை இரண்டுக்கும் நடுவிலும் சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய வரையில் நெல்லும் கரும்பும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு பூமி ஊறிக் கிடக்கிறது. வானமோ மேகமின்றி வெறிச்சென்று இருக்கிறது. பகலில் தரை வாங்கிய உஷ்ணம், போர்வை போல் மூடிக்கொள்ள மேகம் இல்லாமையால், இரவு முழுவதும் வான்வெளிக்குப் போய்விடுகிறது. தரை குளிர்கிறது, தரையை ஒட்டிய ஈரக்காற்றும் குளிர்கிறது, அதிலுள்ள நீராவி நுண்ணிய நீர்த்துளிகளாகி அப்படியே மிதக்கிறது. பலத்த காற்று வீசினால் கலைந்து போகும். ஆனால் மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் காற்று எங்கே வீசுகிறது?

இதில் பலர் அறியாத விஷயம் ஒன்று உண்டு. சூரியன் உதித்தவுடன் பனி விலகத் தொடங்கும் என்று நாம் எண்ணுகிறோம். பல நாட்களில் நடப்பது நேர் விரோதம். இளவெயில் பட்டதும் புல்லிலும் இலையிலும் படிந்த பனிநீர் ஆவியாய் எழும்புகிறது. தரையை ஒட்டிய காற்றுச் சற்றே அசைந்து அதைக் குளிர்ந்த காற்றோடு கலக்கிறது. ஆகவே உதயத்துக்குப் பின் அரைமணி, முக்கால்மணி நேரம் வரையில் மூட்டம் முன்னைவிடக் கனத்துவிடுவதுண்டு. "விடிந்துவிட்டதே!" என்று வேகத்தைக் கூட்டுகிறவன் அந்த நாளின் மோசமான அரைமணிக்குள் நுழைகிறான்.

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று சொல்லிவைத்த பெரியவர்களுக்குப் பனியால் வந்த தொந்தரவு ஜலதோஷந்தான். வந்தியத்தேவன் வீராண ஏரிக்கரை மீது குதிரையில் போனது ஆடி மாதம். ஆகையால் அந்தப் பிரயாணத்தில் அவனுக்குப் பனித் தொல்லை ஏற்படவில்லை. மார்கழியில் போயிருந்தாலும் குதிரைக்குத் தன் முன்னே இருப்பது தெரியும், தெரியாவிட்டால் நின்றுவிடும். அந்த விவேகத்தை மோட்டார் வண்டிக்கு இன்னும் யாரும் பூரணமாகக் கற்பித்தபாடில்லை.

விக்கிரவாண்டியிலிருந்து பண்ணுருட்டி, நெய்வேலி, வடலூர் வழியாய்ச் சேத்தியாத்தோப்புக்கு வந்து, மேலே கும்பகோணம், தஞ்சாவூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையும், சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் போகும் சாலையும் இவ்வூரில் சந்திக்கின்றன. விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தச் சந்திப்பில் யார் யார் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓடிவந்து, தஞ்சாவூரை நேரத்தில் பிடிக்க அவசரப்படும் பஸ். விருத்தாசலத்துப் பீங்கான் சாமான்களை வைக்கோல் சுற்றி ஏற்றிவரும் லாரி. சர்க்கரை ஆலையின் அரவைப் பருவமாதலால் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் மாட்டு வண்டிகளும். பால் கேனை இருபுறமும் தொங்கவிட்ட சைக்கிள்காரர். நெய்வேலிச் சுரங்கத்தில் முதல் ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் விரையும் இளைஞர். மாலை போட்டுக்கொண்ட பக்தர்களின் வேன். ஆருத்ரா தரிசனம் சமீபித்துவிட்டால் சிதம்பரத்துக்குப் போகிறவர்கள். தைப்பூசம் வந்தாலோ வடலூருக்கு நடந்தே செல்லும் ஜனங்கள். வாசலில் கோலம் போடக் குனிந்திருக்கும் பெண்கள்கூட ரஸ்தாவிலிருந்து நாலு முழ தூரத்தில்தான் இருக்கிறார்கள்.

இத்தனை பேரில் முன்னும் பின்னும் விளக்கு உள்ளவர் எத்தனை பேர்? இந்தக் கேள்விக்குப் பின்னால் வருவோம்.

பஸ்ஸுக்குள்ளும் காருக்குள்ளும் இருப்பவரின் கண்ணைப் பனி எப்படி ஏமாற்றுகிறது என்பது ருசிகரமான விஷயம். வேகத்தை நாம் உணர்வது பக்கத்திலுள்ள மரங்களும் கம்பங்களும் பின்னோக்கி ஓடுவதைக் கொண்டு. பனியில் அவை மங்கிப்போனால் வேகம் குறைந்தாற்போல் ஒரு மயக்கம் உண்டாகலாம். பிரிட்டனைச் சேர்ந்த மூன்று ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து 1998ஆம் ஆண்டில் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள்: திரையில் காட்சியை மங்கலாக்க மங்கலாக்க, ஓட்டுகிறவர்கள் தாமறியாமலே வேகத்தைக் கூட்டினார்களாம். 2012ஆம் ஆண்டில் வேறு சிலர், உண்மையான பனியில் போலக் கிட்டத்துப் பொருள் தெளிவாகவும் எட்டத்துப் பொருள் மங்கலாகவும் இருக்கும்படி செய்து பார்த்தபோது முடிவு தலைகீழாக வந்தது. வேகம் கூடினாற்போல் தோன்றி ஓட்டியவர்கள் மெதுவாய்ப் போனார்கள். பண்டிதர்கள் இப்படி இரண்டு கட்சியாய் நிற்கும்போது நமக்கு நிச்சயமாய்க் கிடைப்பது ஒன்றுதான்: பனியில் வேகத்தைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது, முள்ளைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

முள் 60 கிலோமீட்டர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் வண்டி வினாடிக்குப் பதினாறரை மீட்டருக்கு மேல் ஓடுகிறது. எதிரே ஏதோ தெரிகிறது என்று மூளைக்குப் பட்டு, அது இன்னதென்று புரிந்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆகும். அதற்குள் 25 மீட்டர் கடந்துபோயிற்று. பிறகு பனி நனைத்த தார் ரோட்டில் வண்டி நிற்க உத்தேசமாய் இன்னும் 35 மீட்டர் வேண்டும். ஆகமொத்தம் 60 மீட்டர், அதாவது 200 அடி. சர்க்காரின் வானிலை இலாகா, 50 மீட்டருக்கும் 200 மீட்டருக்கும் இடையே பார்வை எட்டினால் அதை அடர்ந்த மூடுபனி என்றும், 50 மீட்டருக்குள் அடங்கினால் மிக அடர்ந்தது என்றும் வகுத்திருக்கிறது. மிக அடர்ந்த பனியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், தாம் காணப்போகும் பொருளின் மீது மோதிய பிறகுதான் நிற்க முடியும். இது கணக்கு, சாமர்த்தியத்தினாலோ இருபது வருஷ அநுபவத்தினாலோ மாறாது.

ஓரங்களில் வெள்ளையடித்த புளிய மரங்கள் நிற்கும் சாலைகளில் நல்ல அளவுகோல் ஒன்று கைவசம் இருக்கிறது. எந்த மரம் வரையில் தெரிகிறதோ அந்தத் தூரத்தில் பாதிக்குள் வண்டி நிற்க வேண்டும். பாதி எதற்கு என்றால், எதிரே வருகிறவரும் நம்மைப்போல் தடுமாறி நம் பக்கத்துக்கு வந்திருக்கலாம். மிச்சப் பாதி அவர் நிற்பதற்கு. 60 மீட்டர் தெரிந்தால் மணிக்கு 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போகலாம். 30 மீட்டர்தான் தெரிகிறதென்றால் இருபதுக்கு மேல் கூடாது. அதுவும் தெரியவில்லையென்றால், முந்திரிக்கொட்டை போல் முன்னே போகாமல், தாரை விட்டு நன்றாய் விலகி நிறுத்திவிட்டு ஒரு டீ சாப்பிட வேண்டியதுதான். யமுனா நதிக்கரையின் அதிவேகச் சாலையில் 2017ஆம் வருஷம் நவம்பர் மாதம் புகையும் பனியும் கலந்த மூட்டத்தில் ஒரு டஜனுக்கு மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறின. அண்மை ஆண்டுகளில் அங்கே டிசம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரையில் கார்களின் உச்ச வேகத்தை 100லிருந்து 75 கிலோமீட்டராகக் குறைத்துவருகிறார்கள். அகலமான ரோடு பனியைக் குறைப்பதில்லை, வேகத்தைத்தான் கூட்டுகிறது. நம் பக்கத்து நெடுஞ்சாலைகளையும் நான்கு வழியாக்கும் இக்காலத்தில் இதை ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

இனி விளக்கைப் பற்றி. கண் தெரியவில்லையென்றால் பெரிய வெளிச்சம் போடுவது மனித சுபாவம். மூடுபனியில் அது கண்ணாடி முன் டார்ச் அடிப்பதற்குச் சமானம். கோடிக்கணக்கான நீர்த்துளிகள் அவ்வளவு வெளிச்சத்தையும் திருப்பி நம் கண்ணிலேயே வீசுகின்றன. தாழ்ந்த வெளிச்சமே சரி. பம்பருக்குக் கீழே தாழப் பொருத்திய பனி விளக்கு இருந்தால் இன்னும் உத்தமம். மஞ்சள் விளக்குத்தான் பனியைத் துளைக்கும் என்று நம்பி அதற்காகக் காசு செலவழிப்போர் உண்டு. பனித்துளி ஒளி அலையைவிடப் பல மடங்கு பெரிது. அது மஞ்சளென்றும் வெள்ளையென்றும் பேதம் பார்ப்பதில்லை. விளக்கு எவ்வளவு தாழ இருக்கிறது, எவ்வளவு கீழ்நோக்கிப் பார்க்கிறது என்பதே முக்கியம். ஓடும்போது நான்கு மூலை விளக்குகளையும் மினுக்கிக்கொண்டு போகிற வழக்கமும் நல்லதல்ல. பின்னால் வருகிறவருக்கு நீங்கள் ஓடுகிறீர்களா, நிற்கிறீர்களா, வலப்புறம் திரும்பப் போகிறீர்களா என்பது ஒன்றும் விளங்காது. அது நின்றுபோன வண்டிக்குரிய அடையாளம்.

காரின் கண்ணாடி உட்புறம் வேர்ப்பதும் ஓர் உபத்திரவம். உள்ளே இருப்பவரின் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. துணியால் துடைத்துக்கொண்டே போவதைவிட, குளிர்சாதனத்தை இயக்கிக் காற்றைக் கண்ணாடியின் மீது திருப்பினால் அது ஈரத்தை உறிஞ்சிவிடும். ஜன்னலைச் சற்றே இறக்கினால் கண்ணாடியும் தெளியும். நாற்சந்தியில் பிறர் ஹாரன் சத்தமும் கேட்கும். கண் வேலை செய்யாத நேரத்தில் காதுக்குக் கொஞ்சம் வேலை கொடுப்பதில் தவறில்லை. ரயில்வேக்காரர்கள் இதை வெகுகாலத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள். சிக்னலுக்கு முன்னால் தண்டவாளத்தில் சிறு வெடியைப் பொருத்திவைப்பார்கள்; என்ஜின் அதன் மேல் ஏறியதும் 'டமார்' என்று வெடித்து, "சிக்னல் வருகிறது, கவனி!" என்று டிரைவருக்குச் சொல்லும். இப்போது வடநாட்டு ரயில் என்ஜின்களில் அடுத்த சிக்னல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே அறிவிக்கும் கருவியும் வைத்திருக்கிறார்கள்.

நிற்க. இதுவரையில் சொன்னவை மேனாட்டுப் புஸ்தகங்களிலும் அகப்படும். அவற்றை எழுதியவர்கள் மனத்திலுள்ள ரஸ்தாவில் எல்லா வண்டிக்கும் விளக்கு இருக்கிறது. ஜனங்கள் நடைபாதையில் நடக்கிறார்கள். மாடு பண்ணையில் இருக்கிறது. நம் ரஸ்தாவின் சமாசாரம் வேறு. இங்கே பனியில் சாகிறவன் பெரும்பாலும் வேகமாய்ப் போகிறவன் அல்ல, மெதுவாய்ப் போகிறவன். அவன் செய்த குற்றமெல்லாம் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றுதான்.

கரும்பு டிராக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு வெளியே இருபுறமும் பின்புறமும் கரும்பு துருத்திக்கொண்டு நிற்கும். பின்புறச் சிவப்பு விளக்கும், விதிப்படி ஒட்டவேண்டிய பிரதிபலிப்புப் பட்டையும் இருந்தாலும், தொங்கும் தோகை அவற்றை மூடிவிடுகிறது. தோகையோ பனியின் நிறத்துக்குச் சகோதரி. பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்குக் கடைசி வினாடி வரையில் அங்கே ஒரு பொருள் இருப்பதே தெரியாது. தெரியும்போது அவர் முகத்துக்கு நேரே இருப்பது கரும்பின் வெட்டுவாய். பெட்டியில் இருக்கும் விளக்கினால் பிரயோஜனமில்லை. கரும்பின் கடைசி நுனியில், தோகைக்கு வெளியே, ஒரு சிவப்பு விளக்கு தொங்க வேண்டும். சைக்கிளுக்கு மாட்டுகிற, பாட்டரியில் மினுக்கும் சின்ன விளக்கே போதும். சிவப்புத் துணி கட்டித் தொங்கவிடுவது பகல் பொழுதுக்குச் சரி; இருட்டில் சிவப்பும் கறுப்பும் ஒன்றே.

மாட்டு வண்டியின் அச்சில் அரிக்கேன் லாந்தர் தொங்கிய காலம் ஒன்று இருந்தது. லாந்தர் இல்லாத வண்டியையும் விளக்கு இல்லாத சைக்கிளையும் போலீஸார் நிறுத்தி அபராதம் போடுவார்கள். அதைக் குறித்து அக்காலத்தில் எத்தனையோ ஹாஸ்யத் துணுக்குகள் வெளிவந்தன. இன்று சாலையில் ஓடும் வண்டிகளின் வேகம் நாலு மடங்கு ஆகிவிட்டது, லாந்தர் போய்விட்டது, ஹாஸ்யத் துணுக்கும் போய்விட்டது. கையகலப் பிரதிபலிப்புப் பட்டையை வண்டியின் பின்பலகையிலும், சக்கரத்தின் ஆரங்களிலும், மாட்டின் கழுத்துப் பட்டையிலும் ஒட்டினால், தாழ்ந்த வெளிச்சத்திலேயே அது நெருப்புத் துண்டம் போல் தெரியும். பால்காரரின் கேனுக்கும் அப்படியே. செலவு அதிகமில்லை. கரும்பை எடுத்துக்கொள்ளும் ஆலைகளும், பாலை வாங்கிக்கொள்ளும் சங்கங்களும் மார்கழி பிறக்குமுன் தங்கள் வாசலுக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் இதை ஒட்டி அனுப்பினால் என்ன? வண்டிக்காரர் தாமே தேடிப்போய் வாங்கி ஒட்டிக்கொள்வார் என்று காத்திருப்பது தர்மமாகாது.

வழியில் பழுதாகி நிற்கும் லாரியின் கதை இன்னும் விசேஷமானது. சிவப்பு முக்கோணம் வைக்க வேண்டியது விதி. வைப்பதோ நான்கு கருங்கல்லும் ஒரு கொத்து வேப்பந்தழையும். பகலில் தழையைப் பார்த்து ஒதுங்கலாம்; பனியில் கல்தான் முதலில் சந்திக்கும். பழுதைச் சரிசெய்து லாரி போன பிற்பாடு கல்லை எடுத்துப் போடுகிறவரை நாம் இதுவரை கண்டதில்லை. அறுவடைக் காலமாதலால் ரோட்டில் காயும் நெல்லும், பரப்பிய வைக்கோலும் வேறு. நெல்லைச் சுற்றிலும் கல் வரிசை. பனி இறங்கிய வைக்கோலின் மீது இரண்டு சக்கர வண்டி ஏறினால் வழுக்காமல் என்ன செய்யும்? களமில்லாத குடியானவன் ரோட்டில் காயப்போடுகிறான். அவன் மீது கோபப்பட நமக்கு மனம் வரவில்லை. ஆனால் பொழுது சாய்ந்ததும் நெல்லை அள்ளும்போது கல்லையும் சேர்த்து அள்ளிவிடும்படி அவனை வேண்டிக்கொள்கிறோம்.

மோட்டார் சைக்கிளில் போகும் பிள்ளைகளுக்காக வீட்டிலுள்ளோர் செய்யக்கூடிய காரியங்களும் சில உண்டு. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு வந்த இரு சக்கர வண்டிகளில் என்ஜின் ஓடினாலே முன்விளக்கு எரியும். பின்விளக்கை யார் பார்க்கிறார்கள்? ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் இருப்பது அவர் கண்ணுக்குப் படாது. வாசலில் நின்று வழியனுப்புகிற தாயாருக்கும் மனைவிக்கும்தான் படும். அது எரியவில்லையென்றால் அன்று புறப்பட விடக்கூடாது. ஹெல்மெட்டின் முகக்கண்ணாடி மூச்சினால் உள்ளேயும் பனியினால் வெளியேயும் மங்கும். ஆகவே ஒரு விரற்கடை திறந்துவைத்துக்கொண்டு, இடக்கை உறையினால் அடிக்கடி துடைத்துக்கொள்ள வேண்டும். கறுப்புக் கம்பளிச் சட்டைக்கு மேலே வெளுத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வது அழகுக்குக் குறைவானாலும் ஆயுளுக்கு நல்லது. குறிப்பாய் லால்பேட்டைப் பக்கமுள்ள ஏரிக்கரை ரஸ்தாவில் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். அங்கே ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பள்ளம். பனியில் இரண்டுக்கும் ஒரே நிறம். முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறாது என்று சிலர் அதை ஒட்டியே போகிறார்கள். லாரி வழி தவறினால்?

ஷிப்டுக்குப் பத்து நிமிஷம் தாமதமாய் வருகிறவனுக்கு அரை நாள் சம்பளம் பிடிக்கும் இடங்கள் பல உண்டு. அப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவனிடம் "மெதுவாய்ப் போ" என்று சொல்வதில் அர்த்தம் குறைவு. அவனை அரைமணி முந்திப் புறப்படச் சொன்னால், இன்னும் கும்மிருட்டில் அனுப்புகிறோம். மூடுபனி நாட்களில் ஒரு மணி நேரம் சலுகை காட்டுவதாய் எஜமானர்கள் முன்கூட்டியே அறிவித்துவிடுவதுதான் நியாயமான வழி. மழைக்குப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடத் தெரிந்த நாட்டில் இது பெரிய புரட்சி ஆகிவிடாது.

இனிப் பொழியும் பனிக்கு வருவோம். நம்மவர்களுக்கு அதனோடு உறவு வரவர நெருங்கிவருகிறது. 2020ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி ரோதங் கணவாய்க்கு அடியிலே ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப் பாதை திறக்கப்பட்ட பிறகு, மணாலிக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் டிசம்பர் மாதத்திலும் பனிக்குள்ளேயே மோட்டாரில் போய் இறங்குகின்றன. 2024ஆம் ஆண்டு டிசம்பர்க் கடைசியில் அந்தச் சுரங்கத்துக்கும் சோலாங்குக்கும் இடையே ஆயிரக்கணக்கான வண்டிகளும் பிரயாணிகளும் பனியில் சிக்கிக்கொண்டு, போலீஸார் இரவோடிரவாக மீட்க வேண்டியதாயிற்று. காஷ்மீரத்து ஆப்பிளுக்குப் போகும் நாமக்கல் லாரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. நம் உல்லாசப் பிரயாணிகளுக்குத்தான் புதிது.

அங்கே தரைதான் சத்துரு. 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் நம் ஊர் உலர்ந்த ரோட்டில் இருபது மீட்டரில் நிற்கும் வண்டி, இறுகிய பனியின் மேல் எழுபது மீட்டர் வழுக்கும். பனிக்கட்டியாய் உறைந்த ரோட்டிலோ நூற்று நாற்பது மீட்டர் போனாலும் ஆச்சரியமில்லை. அந்தப் பனிக்கட்டி பல சமயம் கண்ணாடி போல் மெல்லியதாய், அடியிலுள்ள தாரின் கறுப்பே தெரியும்படி இருக்கும். ஈரம் என்று எண்ணி ஏமாந்துபோவோம். மேலும் கீழும் குளிர்காற்றுப் படும் பாலங்கள் முதலில் உறைகின்றன. ஆகவே எல்லாவற்றையும் மெல்லச் செய்ய வேண்டும்: மெல்லக் கிளப்பி, தாழ்ந்த கியரில் இறங்கி, சக்கரத்தை மெல்லத் திருப்பி, பிரேக்கைத் தடவினாற்போல் பிடிக்க வேண்டும். பின்பாகம் வழுக்கத் தொடங்கினால், எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கத்தையே பார்த்து ஸ்டீரிங்கை அங்கே திருப்ப வேண்டும். பள்ளத்தைப் பார்த்தால் கையும் பள்ளத்துக்கே போகும். மலை ரஸ்தாவில் டயருக்கு இரும்புச் சங்கிலி மாட்டத் தெரியாதவர்கள், தெரிந்த உள்ளூர் டிரைவரிடம் வண்டியை ஒப்படைப்பது கௌரவக் குறைவல்ல.

கானடாவில் நம்மவர் நிறைய வசிக்கும் மாண்ட்ரியால் நகரத்தைச் சேர்ந்த கியூபெக் மாகாணத்தில், குளிர்கால டயர் போட வேண்டும் என்று 2008ஆம் ஆண்டு முதல் சட்டமே உண்டு. இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச்சு 15 வரையில். சாதாரண டயரின் ரப்பர், ஏழு டிகிரிக்குக் கீழே போனால் விறைத்துப் பிடிப்பை இழக்கிறது. குளிர்கால டயரின் ரப்பர் மிருதுவாகவே இருக்கும். டொரான்டோ இருக்கும் ஒன்டேரியோவில் அப்படிச் சட்டமில்லை. புதிதாய்ப் போய்ச் சேர்ந்த பிள்ளைகள் அங்கே முதல் குளிர்காலத்தை "சமாளித்துக்கொள்ளலாம்" என்று பழைய டயரிலேயே கழிக்கப் பார்ப்பதாகக் கேள்வி. டெலிபோனில் மற்ற க்ஷேமலாபங்களோடு மாமனார் இதையும் விசாரிக்கலாம்.

இன்னொன்றையும் விசாரிக்கலாம். பனியில் கார் சிக்கிக்கொண்டால், குளிருக்குப் பயந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டு என்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது யமனுக்குக் கதவைத் திறப்பதாகும். பின்னாலுள்ள புகைக்குழாயைப் பனி அடைத்துக்கொண்டால் விஷவாயு உள்ளே வரும். அதற்கு மணமுமில்லை, நிறமுமில்லை. 2022ஆம் ஆண்டு ஜனவரியில் பாகிஸ்தானத்து முர்ரி மலையில் பனிப்புயலில் அகப்பட்ட கார்களுக்குள்ளேயே, குளிரினாலும் இந்த வாயுவினாலும், குழந்தைகள் உட்பட இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். குழாயின் வாயைக் கையால் தோண்டித் துப்புரவாக்கிய பின்னரே என்ஜினை இயக்க வேண்டும்; அதுவும் மணிக்குப் பத்து நிமிஷம், ஒரு ஜன்னலைச் சற்றுத் திறந்துவைத்து. கம்பளியும் தண்ணீரும் தின்பண்டமும் வண்டியில் இருந்தால் மிச்ச நேரத்தைக் கழித்துவிடலாம்.

சேத்தியாத்தோப்பில் இதெல்லாம் வேண்டியதில்லை. ஆனால் போகிப் பண்டிகை ஒன்று இருக்கிறது. மார்கழிக் கடைசி நாளில், பனி உச்சத்திலிருக்கும் அதே விடியற்காலையில், பழைய பாயோடு பழைய டயரையும் தெருவில் போட்டுக் கொளுத்துகிறோம். புகையின் ஒவ்வொரு நுண்துகளும் ஒரு பனித்துளிக்கு ஆசனம் போட்டுக் கொடுக்கிறது. 2018ஆம் ஆண்டுப் போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதப்பட்டன. சில திருப்பி அனுப்பப்பட்டன. ஆகாய விமானத்தைத் திருப்பி அனுப்ப ஆபீஸர்கள் இருக்கிறார்கள். விக்கிரவாண்டி ரஸ்தாவில் வரும் பஸ்ஸுக்கு அப்படி யாருமில்லை. டிரைவர்தான் தீர்மானிக்க வேண்டும். பொங்கலுக்கு ஊருக்கு வருகிற குழந்தைகுட்டிகள் பெரும்பாலும் அந்த இரவில்தான் பிரயாணம் செய்கிறார்கள். வரும் போகிக்குப் பாய் முறத்தோடு நிறுத்திக்கொண்டு, டயரைத் தொடாமல் விட்டுவிடுங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இன்றே எழுதி, விடியற்காலையில் வந்து சேரும் வண்டியை விட்டுப் பகல் வண்டியில் சீட்டு வாங்கச் சொல்லுங்கள்.